பேச்சே இல்லாத பக்கத்து தோட்டக்காரர்கிட்ட மன்னிப்பு கேக்குறது எப்படி

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. பக்கத்து தோட்டத்து அண்ணனோட ஒன்பது வருஷம் பேச்சு கிடையாது, காரணம் நான்தான், எல்லையில நின்ன அவரோட சில்வர் ஓக் ரெண்ட என்னோடதுன்னு வெட்டி வித்துட்டேன், கேக்க வந்தவர் மேல கைய வச்சுட்டேன், அப்புறம் கேஸு, வக்கீலு, வாய்தா. அதுலருந்து எப்படி வெளிய வந்தேன்னு எழுதுறேன், சண்டையில இருக்குற யாருக்காவது ஒதவும்.

மொதல்ல ஒரு பேப்பர எடுத்து நீங்க பண்ணத எழுதுங்க. நான் மொத தடவ எழுதினது "மரம் வெட்டுப்பட்டுடுச்சு, வாய்த்தகராறுல கை பட்டுடுச்சு". நம்ம தமிழ்ல இது ஒரு வசதி பாருங்க, ஆளே இல்லாம தப்பு மட்டும் தானா நடந்துடும். கல்லு நகந்துடுச்சு, வார்த்தை வந்துடுச்சு, காசு செலவாயிடுச்சு. இந்த "டுச்சு" எல்லாத்தையும் அடிச்சுட்டு "நான் வெட்டினேன், நான் அடிச்சேன்"னு மாத்துங்க. நடுவுல "ஆனா" வந்தா அதுக்கு முந்தியே புள்ளி வச்சிடுங்க. "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க"ன்னு ஒன்னு சொல்றாங்களே, அது புண்பட்டது அவர் கோளாறுன்னு சொல்ற மாதிரி, அதுக்கு போகாமலே இருக்கலாம்.

இங்க நீலகிரி படுகர் சமூகத்து சாவு சடங்குல ஒரு பெரியவர் நின்னு பாவங்கள ஒவ்வொன்னா சத்தமா சொல்வார், சும்மா "பாவம் செஞ்சிருந்தா"ன்னு பொதுவா இல்ல, எல்லைக்கல்ல பிடுங்கினது, தண்ணிய அசுத்தம் பண்ணது, அடுத்தவன் வெளைச்சல பாத்து பொறாமைப்பட்டது, மேலிடத்துல கோள் சொன்னதுன்னு பேர் பேரா. நூறு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க எழுதி வச்ச பட்டியல்லயே இதெல்லாம் இருக்கு. எல்லைக்கல்லுன்னு வந்த எடத்துல எனக்கு வயித்த கலக்குச்சு. நான் செத்தப்புறம் வேற ஒருத்தர் சொல்றதுக்கு நானே போய் சொல்லிடலாம்னு அப்பதான் தோணுச்சு.

அடுத்தது, வாயால கேக்குறதுக்கு முன்னாடி சரி பண்ண முடிஞ்சத சரி பண்ணிடுங்க. நான் நில அளவைக்கு பணம் கட்டினேன். சர்வேயர் வர்ற நோட்டீஸ் அவருக்கும் போகும், புதுசா வம்பு இழுக்குறான்னு நெனச்சிடுவாரேன்னு முன்கூட்டியே ஆள் விட்டு சொல்லிட்டேன். அந்த ஆள் யாருங்கறது முக்கியம். கட்சிக்காரர், ஊர் தலைவர் வேணவே வேணாம், அவங்க வந்தா அது பஞ்சாயத்து ஆயிடும், அவர் ஒத்துக்கலைன்னா ஊரையே எதுத்த மாதிரி ஆயிடும், பாதிக்கப்பட்டவருக்கு மறுபடியும் ஒரு நெருக்கடி. நான் அனுப்பினது ரெண்டு தோட்டத்துலயும் இலை பறிக்கிற அக்காவ. எஃப்.எம்.பி., அதாவது சர்வே ஆபீஸ்ல இருக்குற நில அளவு வரைபடம், அத வச்சு அளந்தப்ப ரெண்டு மரமும் அவர் பக்கம், ஒன்றரை அடி உள்ள. மர வியாபாரி எனக்கு குடுத்த தொகைய அப்படியே தனியா எடுத்து வச்சேன்.

வாய்தா நெருங்கும்போது போகாதீங்க, கேஸ வாபஸ் வாங்க வைக்கத்தான் வந்திருக்கான்னு தோணும், தோணுறது நியாயமும்தான். இலை குவியுற மாசமும் வேணாம், ஃபேக்டரி வண்டி வர்ற நேரத்துல யாருக்கு பொறுமை இருக்கும்?

போன எடத்துல எழுதினத சொல்லிட்டு வாய மூடிக்கணும், இதுதான் இருக்குறதுலயே கஷ்டம். அவர் இருவது நிமிஷம் திட்டினார், பாதி நான் பண்ணாதது, எங்கப்பா பண்ணதெல்லாம்கூட வந்துச்சு, கேட்டுக்கிட்டு நின்னேன். "மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா"ன்னு கெஞ்சாதீங்க, அது உங்க பாரத்த அவர் தலையில ஏத்துற வேல. "இது மரத்து காசுங்கண்ணா, கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க"ன்னு திண்ணையில வச்சுட்டு வந்துட்டேன்.

நீங்க மன்னிக்கிற பக்கம் இருந்தா ஒன்னே ஒன்னு, மன்னிக்கிறதும் நஷ்டத்த விட்டுக்குடுக்குறதும் வேற வேற. மன்னிச்சுட்டும் காசு கேக்கலாம்.

சட்டப்படி பாத்தா, சாதாரண காயம், அத்துமீறி நுழைஞ்சது மாதிரி கேஸ பாதிக்கப்பட்டவரே கோர்ட்டுல ராஜி பண்ணிக்கலாம், முன்னாடி பழைய குற்றவியல் நடைமுறை சட்டம் (சி.ஆர்.பி.சி.) 320, 2024 ஜூலை 1லருந்து அதுக்கு பதிலா வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தோட 359வது பிரிவு. கொடுங்காயம்னா கோர்ட் அனுமதி வேணும். நெல வழக்க லோக் அதாலத்துல, அதாவது ரெண்டு பக்கமும் பேசி சமரசம் பண்ணிக்குற மக்கள் நீதிமன்றத்துல, முடிச்சா கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்ப வரும், ஆனா அப்பீல் கிடையாது, அதனால அளவு, வழி, ஊத்துத்தண்ணி எல்லாம் எழுத்துல இருக்கான்னு ரெண்டு தடவ படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. சாதி சொல்லி இழிவுபடுத்தினது, பொம்பளைங்ககிட்ட அத்துமீறினது, இதையெல்லாம் "ஊருக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்"னு யாராவது வந்தா கதவ சாத்துங்க. 1989 வன்கொடுமை தடுப்பு சட்டத்து கேஸ் அந்த 359வது பிரிவுல ராஜி பண்ணிக்கலாம்னு சொல்ற பட்டியல்லயே கிடையாது.

அண்ணன் அன்னைக்கு ஒன்னும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு அந்த அக்காகிட்ட கொஞ்சம் காச திருப்பி அனுப்பினார், மரம் வெட்டின கூலி எனக்கு சேரணுமாம். கேஸ் அப்புறம் ஆறு மாசம் ஓடி லோக் அதாலத்துல முடிஞ்சுது, அங்கயும் முகம் பாத்து பேசல. போன தை மாசம் காலைல ஆறு மணிக்கு போன், அவர்தான். "தம்பி, உன் மேல்காட்டுல காட்டெருமை நிக்குது, பொம்பளைங்கள இப்ப அனுப்பாத."