இறுகிப்போன ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களில் பலர் இன்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கை வருடக்கணக்கில் தொடுவதில்லை. வண்டி ஓடுகிறது, அப்புறம் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் மிஸ்ஸிங் வந்து, அதாவது இன்ஜின் விட்டுவிட்டு ஓட, கழற்றப் போனால், மூன்று பிளக்கில் ஒன்று அசையவே அசையாது.

அந்த நேரத்தில் நினைவில் இருக்க வேண்டியது ஒன்றுதான். பிளக் எஃகு, அது திருகி உட்காரும் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் அலுமினியம். இரண்டும் மல்லுக்கட்டினால் தோற்பது ஹெட்டில் இருக்கும் மரைதான். அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் முரட்டுத்தனத்தைத் தாங்கும். மாருதியில் அந்தக் கை வேண்டாம்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, ஓடி வந்த வண்டியில் சூடாக இருக்கும்போதே ஸ்பேனரைப் போடுவது. சூடான அலுமினியம் இளகலாக இருக்கும், பிளக்கோடு மரையும் சுரண்டிக்கொண்டு வந்துவிடும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் முயற்சி செய்யுங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் லேசான சூட்டில் பிடி தளரும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வதும் உண்மைதான். ஆனால் அது ஆறிய இன்ஜினில் எண்ணெய் விட்டும் அசையாதபோது பார்க்க வேண்டிய வழி. அப்போதும் ஹெட்டில் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிற சூடு போதும்.

ஸ்பேனர் போடுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிவிட வேண்டும். சைக்கிள் பம்பு கூடப் போதும், கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் பிளக் வெளியே வரும்போது மண் சிலிண்டருக்குள் போய்ச் சுவரைக் கீறும்.

அடுத்தது அவசரம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு ஐந்தாவது நிமிடமே திருகினால் அடித்ததே வீண். எண்ணெய் மரைக்குள் இறங்க ஒரு ராத்திரியாவது வேண்டும்.

ஸ்பேனர் பிளக்கில் நேராக, முழுசாக உட்கார வேண்டும். சாய்ந்தால் பீங்கான் உடையும். கைப்பிடியில் நீளமான பைப்பைச் சொருகி ஒரே மூச்சில் இழுக்காதீர்கள், தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள். பிளக் அசைந்ததும் சந்தோஷத்தில் விறுவிறுவென்று சுற்றுவதும் ஆபத்து. கால் சுற்றுத் தளர்த்துங்கள், 'கிறீச்' என்று சத்தம் வந்தாலோ திரும்பவும் இறுகினாலோ நிறுத்தி, மறுபடி உள்ளே திருப்பி, இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். இப்படி முன்னும் பின்னுமாக ஒரு பிளக்கோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே வந்தபோது அதன் மரையில் கரி மட்டும்தான் இருந்தது. பளபளவென்று வெள்ளித் தூள் ஒட்டியிருந்தால் ஹெட்டின் மரை போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் புதுப் பிளக்கைத் திணிக்காமல், லேத் பட்டறையில் காட்டி ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாக வைக்கும் கம்பிச்சுருள்) போடுவதுதான் சரி.

கழற்றியாயிற்று என்று உடனே புதுசை மாட்டாதீர்கள். சிலிண்டருக்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிலிருந்து, அதைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரை எடுத்து எர்த் செய்துவிட்டு (இன்ஜின் உலோகத்தில் இணைத்துவிட்டு), பிளக் துளைகளைத் துணியால் மூடி, சில விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டால் எண்ணெய் துணியில் வந்துவிடும். முகத்தை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

மாட்டும்போது நடக்கும் தவறுதான் அடுத்த முறை பிளக் இறுகக் காரணம். மரை நீளம் குறைவான பிளக்கைப் போட்டால் ஹெட்டின் மிச்ச மரையில் கரி படியும், பின்னால் சரியான பிளக் போகாது. புதுப் பிளக்கின் பீங்கான் முனையில் ஒரு சாண் பெட்ரோல் ட்யூபைச் சொருகி, அந்த ட்யூபைச் சுற்றியே முதல் மரைகளை ஏற்றுங்கள். மரை மாறி ஏறினால் ட்யூப் வழுக்கிவிடும், ஸ்பேனர் வழுக்காது. கையால் இறுகியபின் வாஷர் உள்ள 14 மிமீ பிளக்குக்கு ஸ்பேனரில் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.