பண்டாரவளைக்குப் போய்ச் சேராத செய்தி

இலங்கை மலையகத்தின் ஹட்டனிலிருந்து, அதே மலையகத்தின் பண்டாரவளையிலுள்ள மைத்துனருக்குச் சிற்றலை வழியாக, கணினியை வானொலியுடன் இணைத்து எழுத்துகளை அனுப்பும் ஜேஎஸ்8 முறையில், குறுஞ்செய்தி அனுப்ப முயன்று 11 நாட்களை வீணாக்கினேன். 14.078 மெகாஹேர்ட்ஸில் ஜப்பானிய நிலையங்களின் எழுத்துகள் திரையில் தெளிவாக விழுந்தன. மலைக்கு அப்பால் இருக்கும் அவருடைய ஓர் எழுத்துகூட வரவில்லை.

இம்முறையின் சாதாரண வேகத்தில் ஒவ்வோர் அனுப்புகையும் 15 வினாடிக் கட்டத்துக்குள் அமைய வேண்டும் என்பதால், முதலில் கணினியின் கடிகாரத்தைச் சந்தேகித்து, ஜிபிஎஸ் கொண்டு சரிசெய்தேன். பயனில்லை. பின்னர் வலுவை 20 வாற்றிலிருந்து 80 வாற்றுக்கு உயர்த்தி, அன்டெனாக் கம்பியையும் தோட்ட லயக் குடியிருப்பின் பின்புற மரத்தில் 12 மீற்றர் உயரத்துக்கு ஏற்றினேன். ஜப்பான் இன்னும் பலமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

விடை அதிலேயே இருந்தது. தாழ்ந்த கோணத்தில் செல்லும் அலை, வானில் உயரத்திலுள்ள மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் தொலைவில்தான் இறங்கும். அருகிலுள்ளவருக்கு அது கிடைக்க வேண்டுமானால், ஏறக்குறைய செங்குத்தாக மேலெழுந்து திரும்ப வேண்டும். 14 மெகாஹேர்ட்ஸ் அலை அக்கோணத்தில் பெரும்பாலும் மண்டலத்தைத் துளைத்து வெளியேறிவிடுகிறது. ஆகவே 7.078 மெகாஹேர்ட்ஸுக்கு மாறி, 20 மீற்றர் நீளக் கம்பியைக் கட்டி, அலை பெரும்பாலும் மேல்நோக்கியே செல்லும்படி அதை வெறும் 5 மீற்றர் உயரத்துக்குத் தாழ்த்தினேன். கம்பியைத் தாழ்த்தினால் தொடர்பு சிறக்கும் என்பதை நம்பவே மனம் வரவில்லை.

மறுநாள் காலை 10 மணிக்கு, வெறும் 10 வாற்றில், “மழை பெய்கிறதா?” என்ற அவருடைய கேள்வி ஆங்கில எழுத்துகளில் முழுமையாக வந்தது. விடியலுக்குச் சற்று முன்னர் மட்டும், மண்டலத்தின் இலத்திரன் அடர்த்தி மிகவும் குறைவதால், தொடர்பு அறுந்துவிடுகிறது; சூரியன் ஏறியதும் தானாகவே மீள்கிறது.