மழை லில்லி பூக்க வாளித் தண்ணீர் போதும்
மழை லில்லித் தொட்டிக்கு 2, 3 வாரம் தண்ணீர் விடாமல் காயப்போடுங்கள். இலை லேசாகத் தொய்ந்ததும், அடித்துளை வழியே வழியும் வரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், மண்ணை முட்டிக்கொண்டு ரோஸ் நிற மொட்டு நுனி எட்டிப்பார்க்கும். அந்த நுனியைப் பார்க்கவே காலையில் முதல் வேலையாகத் தொட்டிப் பக்கம் போகலாம்!

வறட்சியில் கிழங்கு தன் சேமிப்பைக் காத்துக்கொண்டிருக்கும். திடீரென முழு ஈரம் கிடைத்ததும் கோடை மழை வந்ததாக எடுத்துக்கொண்டு பூத்தண்டை அனுப்பும். தர்மபுரி வெயிலில் தினமும் ஊற்றும் தண்ணீரும் மிச்சம்.

புதிதாக நட்ட கிழங்குக்கு இது வேண்டாம், முதலில் வேர் பிடிக்கட்டும். ஐப்பசி மழையில் காயப்போடவும் முடியாது. அப்புறம், சம்பங்கிக்கு இதைச் செய்யாதீர்கள். அதற்குச் சீரான ஈரம்தான் சரி.