உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு கடினம்? நீங்களே அளந்து பார்க்கும் வழி

திண்டுக்கல்லில் வீடு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்கும் முன்பே தண்ணீரைப் பற்றிக் கேட்டுவிடுவார். ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரித் திட்டத்திலிருந்தும் வருவது 'நல்ல தண்ணி'. பாறையைக் குடைந்து போரில் எடுப்பது 'உப்புத் தண்ணி'. இந்தப் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சமையல் உப்புதான். பக்கெட்டில் வெள்ளை படிவதற்கும், சோப்பு நுரைக்காததற்கும், துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாததற்கும் காரணம் கால்சியமும் மக்னீசியமும். இந்த இரண்டின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். கரிக்காத தண்ணீரும் கடினமாக இருக்கலாம்.

டிடிஎஸ் பேனாவும் இதைச் சொல்லாது. தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்து ஒரு எண்ணைத்தான் அது காட்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு விற்பனையாளர் பேனாவை டம்ளரில் விட்டு எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி, கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவியை விற்கப் பார்த்தார். சாஃப்ட்னர் வைத்தாலும் அந்த எண் குறையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காரணம் கீழே வருகிறது.

1. தண்ணீர் பிடிப்பது

பலரும் சறுக்குவது இங்கேதான். நம் ஊர்களில் மாநகராட்சித் தண்ணீரும் போர்த் தண்ணீரும் பெரும்பாலும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. திங்கட்கிழமை குழாயில் வருவதும் வெள்ளிக்கிழமை வருவதும் ஒரே தண்ணீர் இல்லை. அதனால் மூன்று பாட்டில் எடுங்கள்: மாநகராட்சிக் குழாயிலிருந்து நேராக ஒன்று, மோட்டார் ஓடும்போது போர்க் குழாயிலிருந்து ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் பத்து நிமிடத்தில் எது எது என்று மறந்துவிடும்.

2. காசில்லாத சோதனை

குளியல் சோப்பைக் கொஞ்சம் துருவி வெந்நீரில் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கும் டிடெர்ஜென்ட் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மி.லி. ஒரு பாட்டிலிலும், உங்கள் தண்ணீர் 100 மி.லி. இன்னொன்றிலும் ஊற்றுங்கள். இரண்டிலும் சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். நுரை ஐந்து நிமிடம் நிற்க எத்தனை சொட்டு ஆனது என்று எண்ணுங்கள். கடின நீரில் முதலில் திரிதிரியாக வெள்ளை மிதக்கும், நுரை வரவே வராது. எது மோசம் என்று தெரிய இது போதும், எவ்வளவு மோசம் என்று தெரியாது.

(நம் பாட்டிமார் சீயக்காயை விடாததில் விஷயம் இருக்கிறது. அதில் நுரை தருவது சபோனின். அது சோப்பைப் போல கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகாது.)

3. எண் தெரிந்துகொள்வது

கடினத்தன்மை அளக்கும் சொட்டுக் கிட் ஆன்லைனில் கிடைக்கும். முறை எளிது. சொன்ன அளவு தண்ணீர் எடுத்து, பஃபர் கரைசலையும் நிறங்காட்டியையும் சேர்த்தால் பீட்ரூட் சாறு போலச் சிவக்கும். பிறகு கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நிறம் ஊதாவுக்கு வந்ததும் நிதானமாகுங்கள். சுத்தமான நீலம் வந்த சொட்டோடு நிறுத்துங்கள். ஒரு சொட்டு, லிட்டருக்கு எத்தனை மி.கி. கடினத்தைக் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) குறிக்கிறது என்பது கிட்டுக்குக் கிட் மாறும், பெட்டியில் பாருங்கள். நிறமும் சில கிட்டில் வேறாக இருக்கும். மீன் தொட்டிக்கான கிட் ஜெர்மன் டிகிரியில் சொன்னால் 17.8 ஆல் பெருக்குங்கள், மி.கி. கணக்கு வந்துவிடும்.

ஒரு சொட்டுக்கு 25 மி.கி. என்றும் 22 சொட்டு விழுந்தது என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 550 மி.கி. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 ஏற்கும் அளவு 200. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை அனுமதி.

4. காய்ச்சி மறுபடி அளப்பது

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று சொல்வது இந்தச் சோதனைதான்.

அதே தண்ணீரில் ஒரு லிட்டரைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவிடுங்கள். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது. தெளிந்ததை மட்டும் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். கொதித்ததில் ஆவியாகிப் போனதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். இதை மறந்தால் கணக்கே தப்பும். இப்போது அளந்து 9 சொட்டு வந்தால் 225 மி.கி. மீதி 325, பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினம். கொதித்தபோது சுண்ணாம்பாக இறங்கிவிட்டது. தினம் 2 லிட்டர் காய்ச்சினால் மாதம் ஏறக்குறைய 20 கிராம் சுண்ணாம்பு கெட்டிலிலேயே தங்கும். இறங்காத 225 நிரந்தரக் கடினம். அது சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது. எவ்வளவு காய்ச்சினாலும் போகாது.

5. அப்புறம் என்ன செய்வது?

தற்காலிகக் கடினம்தான் அதிகம் என்றால் பெரிய செலவு வேண்டாம். குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் காய்ச்சித் தெளியவைத்த தண்ணீர் போதும். கீசரை 50-55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு ஏற ஏறப் படிவு கூடும். கெட்டிலில் படிந்ததற்கு ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் போட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். அதை பிளீச்சிங் பவுடரோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மார்பிள், மொசைக் தரையிலும் சிந்தவிடாதீர்கள், பளபளப்பு போய்விடும்.

நிரந்தரக் கடினம் அதிகம் என்றால், குடிக்க ஆர்ஓ, குளிக்கவும் துவைக்கவும் சாஃப்ட்னர். சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். டிடிஎஸ் குறையாததன் ரகசியம் இதுதான். 100 மி.கி. கடினம் போனால் சுமார் 46 மி.கி. சோடியம் வரும். அதனால் அந்தத் தண்ணீரைச் சமையலறைக்கும் செடிகளுக்கும் கொடுக்காமல் தனிக் குழாய் போடுங்கள், வீட்டில் ரத்த அழுத்தக்காரர் இருந்தால் கட்டாயம். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், கடினத்தை ஒன்றும் செய்யாது.

போர்த் தண்ணீரையே குடிக்கிறீர்கள் என்றால் கிட்டோடு நிறுத்த வேண்டாம். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இதில் தெரியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். மே மாதம் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒருமுறை அளந்து, இரண்டு எண்ணையும் காலண்டரின் பின்பக்கம் குறித்து வையுங்கள். அடுத்த முறை பேனாவோடு யாராவது வந்தால் எடுத்துக் காட்டலாம்.