வெல்டு வைத்த ப்ரீவீலும் என் விழுப்புண்களும்: ஃபிக்ஸியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடை வாசலில் காற்றடிக்க நின்றிருந்தேன். காலேஜ் முதல் வருஷம் படிக்கிற வயசுப் பையன் ஒருவன், பழைய இருபத்தெட்டு இஞ்ச் சைக்கிளின் பின் சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இந்த ப்ரீவீலுக்கு ரெண்டு பொட்டு வெல்டு வெச்சுக் குடுங்க, ஃபிக்ஸியாக்கணும்" என்றான். எனக்கு வலது மணிக்கட்டு சுரீரென்றது. 2013-ல் நானும் இதையேதான் ஒரு கடையில் கேட்டேன்.

ஃபிக்ஸி தெரியாதவர்களுக்கு: சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும், டிக் டிக் என்று ப்ரீவீல் சத்தம் கேட்கும். ஃபிக்ஸட் கியரில் அது கிடையாது. சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றும், பெடலோடு காலும். நிறுத்த வேண்டுமென்றால் காலால் பின்னோக்கி அழுத்தலாம். பழகியவர்கள் பின் சக்கரத்தைப் பூட்டித் தேய்த்து நிறுத்துவார்கள், அதுதான் ஸ்கிட். பையன்களை இழுப்பது அந்த ஸ்கிட்தான். என்னையும் அதுதான் இழுத்தது.

ஹெல்மெட் போடு, இரவில் லைட் போடு என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறார்கள்.

ப்ரீவீலுக்கு வெல்டு வைப்பது

சாதாரண பின் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தின், வலது பக்கம் மரை வெட்டியிருக்கும். ப்ரீவீல் அதில் திருகி உட்காருகிறது. அது வலது மரை. முன்னோக்கி மிதிக்க மிதிக்க ப்ரீவீல் இன்னும் இறுகும். பல வருஷம் ஓடிய ப்ரீவீலைக் கழற்ற ஒரு வைஸும் இரண்டு ஆளும் வேண்டியிருப்பது அதனால்தான். பின்னோக்கி அழுத்தினால் அதே மரை கழலும் திசையில் திருகல் விழும்.

ப்ரீவீலுக்கு வெல்டு வைத்தால் என்ன ஆகிறது? உள்ளே தனித்தனியாகச் சுற்ற வேண்டிய இரண்டு பாகங்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். மரை அப்படியே இருக்கிறது. அதை எதுவும் பிடிக்கவில்லை. ப்ரீவீல் சுற்றாது என்பதைப் பார்த்துவிட்டு, ப்ரீவீல் கழலாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, 170 மி.மீ. பெடலில் 60 கிலோ அழுத்தத்தோடு பின்னோக்கி ஊன்றினால், அந்த மரை மேல் விழும் திருகல், ஒரு மீட்டர் கம்பியைப் பூட்டி அதன் நுனியில் நாலு கிலோவைத் தொங்கவிட்டதற்குச் சமம். அதுவும் மெதுவாக விழுவதில்லை, அடி போல விழுகிறது. ஒவ்வொரு ஸ்கிட்டுக்கும் ஒரு அடி.

என் சைக்கிள் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், ஓட்டிய சைக்கிள். வெல்டு வைத்த அன்றே ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் வீட்டுத் தெருவில் ஸ்கிட் அடித்துப் பழகினேன், ஒன்றும் ஆகவில்லை. இந்த 'ஒன்றும் ஆகவில்லை'தான் ஆளைக் கவிழ்க்கிறது. கொஞ்சம் தளர்ந்த மரையை அடுத்த மிதி மறுபடி இறுக்கிவிடுவதால் எதுவும் வெளியே தெரிவதில்லை. மூன்றாவது வாரம் பள்ளத்தூர் போகும் வழியில் ஒரு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கினேன். கீழே ஆடுகள் குறுக்கே வந்தன. காலை ஊன்றினேன். பெடல் திடீரென்று கனமில்லாமல் பின்னால் சுற்றியது, படியிருக்கிறது என்று நினைத்து இருட்டில் கால் வைத்த மாதிரி. மரை மொத்தமாக விட்டுவிட்டது. பின் சக்கரத்தில் பிரேக் இல்லை. முன் பிரேக்கை ஏற்கெனவே அழகுக்காகக் கழற்றி எறிந்திருந்தேன். ஆடுகளை விட்டு விலகி சீமைக் கருவேலம் புதருக்குள் போனேன். வலது கையை ஊன்றித்தான் விழுந்தேன். முள்ளைப் பிடுங்கவே ஒரு மாலை ஆனது. மணிக்கட்டுக் கதை பின்னால் வருகிறது.

மரை பிடித்தாலும் வெல்டு பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ப்ரீவீலின் உள்பாகங்கள் கடினப்படுத்திய எஃகு. அதில் இரண்டு பொட்டு வைத்தால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகி ஒரு நாள் 'டக்' என்று விடும்.

கொஞ்சம் படித்த பையன்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். ஆன்லைனில் ட்ராக் காக், அதாவது ஃபிக்ஸிக்கான பின்பல் சக்கரம், வாங்கி அதையே ப்ரீவீல் ஹப்பில் திருகிவிடுகிறார்கள். மரை அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று. அழகாக ஏறும். மேலே பி.பி.யின், அதாவது பெடல் அச்சு உட்காரும் பாகத்தின், பூட்டு வளையம் ஒன்றைப் போட்டு, மரைப் பசையும் தடவி, "லாக் ஆயிருச்சு" என்பார்கள். அந்த வளையமும் வலது மரைதான். காக் கழன்றால் அதையும் தள்ளிக்கொண்டு கழலும். வெளிநாட்டு ஃபிக்ஸிக்காரர்கள் இதற்கு 'சூசைட் ஹப்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரியான ட்ராக் ஹப்பில் மரை இரண்டு படியாக இருக்கும். உள்படி பெரியது, வலது மரை, அதில் காக். வெளிப்படி சற்றுச் சிறியது, இடது மரை, அதில் லாக்ரிங், அதாவது பூட்டு வளையம். பின்னோக்கி அழுத்தும்போது காக் கழலப் பார்க்கும். அப்போது அது லாக்ரிங்கை எந்தத் திசையில் தள்ளுகிறதோ அந்தத் திசையில் லாக்ரிங் இறுகும். இடது பெடலைக் கழற்றியவர்களுக்கு இடது மரை புதிதில்லை. இந்த இரண்டு மரைகளின் சண்டையில்தான் நம் பற்கள் தப்பிக்கின்றன.

பையன்கள் வெல்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர்ப் பெரிய சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 கம்பி, பின் ரிம்முக்கு 40 கம்பி. கிடைக்கிற ட்ராக் ஹப்போ 32 அல்லது 36 துளை. ஆக ஹப் மட்டும் வாங்கினால் போதாது. ரிம், கம்பி, சக்கரம் கட்டும் கூலி என்று செலவு இழுக்கும். வெல்டுக்கு ஒரு டீ, வடைக் காசு போதும். எனக்கு எழுதிய மருந்துச் சீட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு சக்கரம் கட்டியிருக்கலாம்.

இரண்டு பக்கமும் மரை உள்ள ஹப் வாங்கினால், ஒரு பக்கம் ப்ரீவீலுக்கு, மறுபக்கம் ஃபிக்ஸடுக்கு. சக்கரத்தைத் திருப்பி மாட்டி, ப்ரீவீல் பக்கத்தில் காக்கை ஏற்றிய ஆளையும் பார்த்திருக்கிறேன். படி இரண்டு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவி காக்கை ஏற்றி, லாக்ரிங்கை இறுக்கி, முன் பிரேக்கை நம்பி ஒரு கண்மாய்க் கரை மேட்டில் நின்று மிதித்து ஏறுங்கள். பின்னோக்கி அழுத்தக் கூடாது. காக் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும். இறங்கி வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

"நான் எத்தனையோ பேருக்கு வெச்சுக் குடுத்திருக்கேன் தம்பி, ஒருத்தரும் வந்து குறை சொல்லலை" என்றார் அன்று வெல்டு வைத்தவர். நானும்தான் போய்ச் சொல்லவில்லை. கையில் மாவுக்கட்டோடு எப்படிப் போவது?

முன் பிரேக்கைக் கழற்றுவது

"ஃபிக்ஸிக்குப் பிரேக் வேண்டாம்" என்பது வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத் திடல், பேச்சு. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போவார்கள், யாருக்கும் பிரேக் கிடையாது, ஆடும் கிடையாது. ஜப்பானில் 1948-லிருந்து நடக்கும் கெய்ரின் பந்தய சைக்கிள்களும் அப்படித்தான். அதைப் பார்த்துவிட்டு தேவகோட்டை ரோட்டில் ஓட்டினால் எப்படி?

வேகம் குறையும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு பூட்டினாலும் ரோட்டில் பிடி குறைவு. பின் சக்கரத்தை மட்டும் நம்பினால், முன் பிரேக்கால் நிற்கிற தூரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடித்தான் நிற்க முடியும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 7 மீட்டருக்குப் பதில் 14 மீட்டர், அதுவும் நல்ல காய்ந்த ரோட்டில், முழு உணர்வோடு இருந்தால். ஸ்கிட் அடித்தால் டயரும் தேயும். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்று 48-16 போட்டால் கணக்கு சரியாக மூன்றுக்கு ஒன்று, எப்போதும் டயரின் ஒரே இடம்தான் தேயும். 47-17 போட்டால் 17 இடங்களில் பிரிந்து தேயும்.

லண்டனில் 2016-ல் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண் இறந்துபோனார். ஓட்டிய இளைஞருக்கு அடுத்த ஆண்டு 18 மாதத் தண்டனை. பிரிட்டனில் ஃபிக்ஸட் சக்கரத்தையே பின் பிரேக்காக ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் முன் பிரேக் கட்டாயம். எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

பழைய சைக்கிளை மாற்றுபவர்கள் முன் சக்கரத்தைத் தொடாதீர்கள். ராடு பிரேக் அழகாக இல்லை என்றாலும் இருக்கட்டும். ஆனால் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. ஐப்பசியில் மெதுவாகப் போங்கள்.

செயினில் விரல்

இதைச் சின்னதாகச் சொல்கிறேன், சின்ன விஷயம் என்பதால் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, துணியால் செயினைத் துடைப்போம் இல்லையா? ப்ரீவீல் சைக்கிளில் விரல் மாட்டினால் பெடல் நிற்கும். ஃபிக்ஸியில் சக்கரத்தின் முழு வேகமும் விரலைச் செயின் வீலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். நகத்தோடு நுனி போனவர்கள் இருக்கிறார்கள். துணியைச் செயினின் நடுவில் பிடித்து, பெடலைக் கையால் மெதுவாகத் திருப்பித் துடையுங்கள். பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துடைக்கவே வேண்டாம்.

வேட்டி, துண்டு, ஷூ லேஸ்

மாட்டினால் விடாது.

செயின் தொய்வு

நடுவில் அழுத்தினால் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும். பழைய செயின் வீல் முழு வட்டமாக இருக்காது, ஒரு இடத்தில் இறுகி ஒரு இடத்தில் தொய்யும். இறுகுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள். ஓடும்போது செயின் கழன்றால் ஒன்று பிரேக் போகும், இல்லை பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். எது நடக்கும் என்பது அன்றைய நேரம்.

முனீஸ்வரன் கோவில் தெருவின் பழைய சாமான் கடைகளில் சீமை சைக்கிள் வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் கிராங்க்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். ஃபிக்ஸியில் அதற்கு இரண்டு பக்கமும் உதை விழும், சீக்கிரம் ஆடத் தொடங்கும். ஆடிய பின்னைச் சுத்தியலால் தட்டி ஓட்டாதீர்கள், மாற்றுங்கள்.

வளைவில் சாய்வது

சாதாரண சைக்கிளில் வளையும்போது உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு உருளலாம். இங்கே முடியாது. கால் கீழே வரும்போது சாய்ந்திருந்தால் பெடல் தரையைத் தட்டி, பின் சக்கரத்தைத் தூக்கி எறியும். அதற்குத்தான் 165 மி.மீ. கிராங்க் போடுகிறார்கள். நம் பக்கம் இன்னொரு தொல்லை, செம்மண் சரளை. தார் ரோட்டு வளைவுகளில் லாரியிலிருந்து சிந்திய செம்பூராங்கல் பொடி கோலப்பொடி மாதிரி கிடக்கும். அதன்மேல் ஸ்கிட் அடித்துக் காட்டிய ஒருவனை நாங்கள் கானாடுகாத்தானிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தோம்.

பெரிய கியர்

வேண்டாம். 46-17 போதும்.

விழுந்த பிறகு செய்யும் தவறு

கையை ஊன்றி விழுந்தால், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுப் பக்கம் ஒரு குழி இருக்கிறதே, அங்கே அழுத்திப் பாருங்கள். வலித்தால் ஸ்கேபாய்டு என்கிற சின்ன எலும்பு உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில் அது தெரியாமல் போவது சகஜம். எனக்கும் தெரியவில்லை. "சுளுக்குதான்" என்றார்கள். அப்பத்தா சொன்னதைக் கேட்டு எண்ணெய்க் கட்டுப் போட்டேன், இரண்டு வாரத்தில் சைக்கிளிலும் ஏறிவிட்டேன். வலி போகவில்லை. ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில்தான் கோடு தெரிந்தது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டுவது மெதுவாகத்தான். பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டு. முதல் படத்தில் ஒன்றுமில்லை என்றாலும் வலி இருந்தால் கையை அசைக்காமல் வைத்து, பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காறை எலும்பு உடைந்தால் இந்தக் குழப்பமே இல்லை, தொட்டாலே தெரியும்.

சிராய்ப்புக்குத் தண்ணீரும் சோப்பும். செம்மண் உள்ளே தங்காமல் கழுவ வேண்டும், எரியும், பரவாயில்லை. காப்பித்தூள் அப்புவதை நிறுத்துங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் போய்ப் போட்டுவிடுங்கள்.

தை மாதம்

தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் பாதயாத்திரை குன்றக்குடி வழியாகத்தான் போகும். விடியுமுன்பே ரோட்டோரம் முழுக்க ஆட்கள், வயதானவர்கள், தோளில் காவடி. எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் அந்தக் கூட்டத்துக்குள் காலை நிறுத்த முடியாத சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் போவதில்லை. அந்த நாட்களில் என் ஃபிக்ஸி திண்ணையில் சாய்ந்திருக்கும். மருந்துக்கடைக்குப் போவதென்றாலும் அம்மாவின் லேடீஸ் சைக்கிள்தான், டிக் டிக் என்ற சத்தத்தோடு.