வெள்ளோட்டத்தில் குமட்டாமல் யாட் விற்பது எப்படி?

படகுத்துறையில் நிற்கும்வரை யாட் எனும் உல்லாசப் படகை வாங்க வந்தவருக்கு எல்லாமே அழகாகத்தான் தெரியும். வெளியே போய் முதல் அலையில் ஏறி இறங்கியதும் முகம் வெளிறிவிடும். அதற்குப் பிறகு அவருக்குப் பாயும் தெரியாது, இன்ஜினும் தெரியாது. கரை எப்போது வரும் என்பது மட்டுமே தெரியும். படகு விற்பதற்கு விளம்பரம், விலை, தரகர் என்று ஆயிரம் யோசனை சொல்பவர்கள் வாங்குபவரின் வயிற்றை மறந்துவிடுகிறார்கள். முதல்முறை விற்பவர்கள் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

படி 1: நாற்றத்தை ஒழியுங்கள்

விற்பனையைக் கெடுப்பதும் குமட்டலைக் கிளப்புவதும் ஒன்றேதான்: கேபினுக்குள் அடிக்கும் டீசல், கழிவுநீர், பூஞ்சை வாடை. தரைப் பலகைகளைத் தூக்கி, அடியில் நீர் தேங்கும் பில்ஜ் பள்ளத்தைப் பாருங்கள். எண்ணெய் கலந்த நீரைக் கடலில் இறைத்துவிடாதீர்கள், அது குற்றம். உறிஞ்சு துணியால் எடுத்துக் கரையில் ஒப்படையுங்கள். பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

அடுத்து கழிவறைக் குழாய். ஒரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயைச் சுற்றிக் கட்டுங்கள். ஆறியதும் எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் அது குழாயின் சுவரை ஊடுருவி வந்தது. எத்தனை கழுவினாலும் போகாது, குழாயை மாற்றத்தான் வேண்டும்.

வாசனைத் திரவியம் அடித்து மறைக்க நினைக்காதீர்கள். டீசலும் மல்லிகை மணமும் கலந்தால் கட்டி நிற்கும் படகிலேயே வயிற்றைப் புரட்டும். எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும்.

படி 2: காகிதங்களும் விலையும்

பதிவுச் சான்றிதழ், முந்தைய உரிமையாளர்களின் விற்பனைப் பத்திரங்கள், கடன் அடைந்ததற்கான சான்று, இன்ஜின் பராமரிப்புக் குறிப்பேடு ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். படகோடு எவையெல்லாம் போகும் என்று பட்டியல் எழுதுங்கள்; பின்னால் வரும் சண்டைகளில் பாதி நங்கூரத்துக்கும் உயிர்காப்புத் தெப்பத்துக்கும்தான். தரகர்கள் பெரும்பாலும் விலையில் 10 சதவீதம் அளவில் கேட்பார்கள். விலை வைக்கும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

படி 3: நாளைத் தேர்ந்தெடுங்கள்

கேபினுக்குள் இருப்பவரின் கண், சுவர் அசையவில்லை என்கிறது. உள்காதோ உடல் ஆடுகிறது என்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவுதான் குமட்டல். ஆகவே வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது முதல் மருந்து.

வெள்ளோட்டத்துக்கு 8 முதல் 12 நாட் வரையிலான (மணிக்குச் சுமார் 15 முதல் 22 கி.மீ.) காற்று போதும். காற்றே இல்லாத நாள் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். பழைய அலை மிச்சமிருந்தால் அதுதான் மோசமான நாள்; பாயில் காற்று பிடிக்காத படகு இருபுறமும் உருண்டுகொண்டே இருக்கும்.

'கடல் ஒத்துக்கொள்ளுமா?' என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கௌரவம் பார்த்து மழுப்பினால், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். முந்தின இரவு மது வேண்டாம், தூக்கம் வேண்டும். வெறும் வயிற்றிலும் வரக்கூடாது, வயிறு முட்டவும் கூடாது. டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் மாத்திரைகளைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டையைப் பல மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எல்லாமே தூக்கம் வரவழைக்கும். மருந்தை நீங்கள் கொடுக்காதீர்கள், மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

படி 4: வெள்ளோட்டம்

கேபின், அலமாரிகள், மின் இணைப்புகள் என உள்ளே பார்க்க வேண்டியதெல்லாம் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே முடியட்டும். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதைத்தான் படகைப் பரிசோதிக்க வரும் சர்வேயர் பார்ப்பார். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. முழு வேகச் சோதனைக்கு யாராவது கீழே இறங்கி இன்ஜினைப் பார்த்தாக வேண்டும் என்பதால், அதை அலையில்லாத இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் சுக்கானை வாங்குபவரிடம் கொடுங்கள். படகைத் திருப்புபவருக்கு அடுத்த அசைவு முன்பே தெரிவதால் குமட்டல் குறையும். அதைவிட, சொந்தப் படகு என்ற எண்ணமும் அங்கேதான் முளைக்கும். முதலில் காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடுங்கள். காற்றை எதிர்த்து ஏறுவதைச் சிறிது நேரம் காட்டினால் போதும், முன்முனை அலையில் மோதி மோதி எழும். மற்றவர்களைப் படகின் நடுவிலோ பின்பகுதியிலோ உட்காரச் சொல்லுங்கள்.

வாய் ஓயாமல் பேசியவர் திடீரென்று மௌனமானால், கொட்டாவி விட்டால், நெற்றியில் குளிர்ந்த வியர்வை தெரிந்தால் உடனே கரைக்குத் திரும்புங்கள். வாந்தி வந்தால் வாளியைக் கொடுங்கள். கம்பிமேல் எக்கிச் சாய விடாதீர்கள், விழுந்துவிடுவார். இனி மாத்திரை தங்காது. சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கட்டும், கண்ணை மூடிப் படுக்கட்டும். அந்த நேரத்தில் விலை பேசுவது கொடுமை.

படி 5: கைமாற்றம்

கரை இறங்கியதும் முடிவு கேட்காதீர்கள், ஓரிரு நாள் போகட்டும். முன்பணமாக 10 சதவீதம் கேட்பது வழக்கம். அது தரகரிடமோ வழக்கறிஞரிடமோ இருக்கட்டும். முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுங்கள். பதிவு அலுவலகத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவித்த பிறகுதான் காப்பீட்டை ரத்து செய்ய வேண்டும்.