பழைய வீட்டுக்கும் ஓலைச்சுவடிக்கும் நிதி, பயிற்சி: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் விண்ணப்பிப்பது எப்படி?

நிதி கேட்டு எழுதும் பலர் முதல் பக்கம் முழுக்கக் கட்டடத்தின் பெருமையை எழுதி நிரப்புகிறார்கள். நிதி தருபவருக்கு வேண்டியது வேறு: எது பழுது, ஏன் பழுது, சரிசெய்ய எவ்வளவு ஆகும், யார் செய்வார்? இந்த நான்குக்கும் பதில் சொல்லும் நிலை அறிக்கையைத்தான் முதலில் தயாரிக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.

அறிக்கைக்கு இரண்டு சுற்று தேவை. ஒன்று செப்டம்பரில், மழைக்கு முன். இன்னொன்று ஜனவரியில், மழை ஓய்ந்த பின். தரையிலிருந்து சுவரில் ஈரம் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று இரண்டு முறையும் ஒரே இடத்தில் அளந்து, தேதியோடு குறியுங்கள். பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று வெற்றொலி கேட்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் வளைத்து, சதுர அடியில் கணக்கெடுங்கள். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது பூச்சு வேலைக்குப் பணம் கேட்பது வீண், அஸ்திவாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெட்ராஸ் ஒட்டுத் தளமாக (மர உத்தரங்களின் மேல் செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கூரை) இருந்தால், தேக்கு உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையைக் கூரான கம்பியால் குத்திப் பாருங்கள். மரம் முதலில் உளுத்துப்போவது அங்கேதான், வெளியே தெரியாது.

காரணத்தையும் எழுதுங்கள். நம் பக்கத்துக் கடலோர வீடுகளில் அடிக்கடி பார்ப்பது, பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் பூசிய சிமெண்ட். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே ஏறும். உப்பு பூத்துச் செங்கல் மாவாக உதிரும். இதைப் படத்தோடு காட்டும் ஒரு பக்கம், பத்துப் பக்க வரலாற்றைவிடப் பயன் தரும்.

செலவுக் கணக்கு அந்தச் சதுர அடியிலிருந்துதான் பிறக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றிப் புளிக்க வைக்கும் வாரங்கள், கடுக்காய், வெல்லம், கொத்தனார் கூலி, படப்பதிவு என எல்லாவற்றையும் தனித்தனியே போடுங்கள். எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் ஒதுக்குங்கள். கால அட்டவணையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்பூச்சு வைக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல இழுத்துத்தான் இறுகும். பச்சையாக இருக்கும்போது மழை அடித்தால் கரைந்து ஓடும். சித்திரை வெயிலில் பூசினாலும் ஈரச் சாக்கு போட்டு மூடாவிட்டால் வெடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது என்பதையும், 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சிக் கட்டடம்) இடிந்ததையும் மனதில் வைத்து வேலைத் தேதிகளைக் குறியுங்கள்.

வேலை தெரிந்த ஆள் குழுவில் இருப்பதும் அவசியம். கட்டடக் கலையை முறையாகப் படிக்க மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. உலோகம், ஓவியம் போன்ற பொருள்களுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியக வேதியியல் ஆய்வகத்தையும், லக்னோவில் உள்ள தேசியப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகத்தையும் கேளுங்கள். மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் மரபுக் கழகம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. அதன் புதுச்சேரிக் கிளைக்கு நேரிலேயே போகலாம். ஐரோப்பிய ஒன்றிய நிதியில் சீரமைத்து, 2008-இல் யுனெஸ்கோ விருது பெற்ற வைசியாள் வீதியை ஒருமுறை நடந்து பாருங்கள். நல்ல சுண்ணாம்பு வேலை எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். சில ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கு ரோமில் உள்ள சர்வதேசப் பாதுகாப்பு மையமான இக்ரோமின் பயிற்சிகளும், பிரிட்டனில் பயில சார்லஸ் வாலஸ் இந்திய அறக்கட்டளை உதவியும் உண்டு.

தனியாக ஆய்வு செய்பவர்கள் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் நல்கையை (ஃபெலோஷிப்) பார்க்கலாம். இளநிலை நல்கை 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கு, மாதம் 10,000 ரூபாய், அதற்கு மேற்பட்டோருக்கு முதுநிலை, 20,000 ரூபாய், இரண்டும் இரண்டாண்டு. இந்தப் பணத்தில் வீட்டைப் பழுதுபார்க்க முடியாது, ஆய்வுக்கு மட்டும்தான்.

ஓலைச்சுவடி, பழைய பத்திரம், ஸ்டுடியோ புகைப்படம் வைத்திருப்பவர்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் பொருத்தமானது. மூல ஆவணம் நாட்டை விட்டுப் போகாது. மின்படி (டிஜிட்டல் நகல்) மட்டும் எடுக்கப்படும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இத்திட்டத்தில் பணிகள் செய்திருக்கிறது. தனிநபர் எழுதினால் நடக்காது, பணத்தை ஏற்று நிர்வகிக்கும் நிறுவனம் ஒன்று வேண்டும். உரிமையாளரிடம் எழுத்துவழி அனுமதி வாங்காமல் விண்ணப்பிப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. பங்காளிகள் பெயரில் இருக்கும் சுவடிக்கு ஒருவர் கையெழுத்து போதாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்கலாம். வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பு 2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது, என்.எல்.சி. நிறுவனம் இருக்கும் நெய்வேலியும் கடலூர் மாவட்டத்தில்தான். ஆனால் அந்தப் பணியைச் செய்யும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவும், சமூகப் பொறுப்பு நிதி பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண்ணும், மூன்றாண்டுப் பணி அனுபவமும் வேண்டும். புதிய அறக்கட்டளை தொடங்கி ஓடுவதைவிட, இவையெல்லாம் உள்ள அமைப்போடு சேர்ந்து எழுதுவது நல்லது.

வெளிநாட்டுப் பணம் என்றால் அறக்கட்டளைக்கு வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். தொகை முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும். மாணவருக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இவை இரண்டும் இல்லாத அறக்கட்டளை நிதி தருபவரின் ஒப்புதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டும் பணத்தை வாங்க முடியாது. அதனால் விண்ணப்பம் எழுத உட்காரும் நாளிலேயே ஆடிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.